மோட்டார் ரூம் மாடியில ஒரு காலேஜ்

2020ல கொரோனாவால காலேஜை மூடினப்ப எங்க பாப்பா எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். அதுக்கப்புறம் பாடமெல்லாம் போன்லதான். தோட்டத்துல டவர் கிடைக்கிற ஒரே இடம் மோட்டார் ரூம் மாடி. குடையைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே உட்கார்ந்து படிச்சா. 2021 ஜனவரியில இருந்து நாலு மாசம் அரசாங்கம் தினமும் 2 ஜிபி டேட்டா இலவசமா கொடுத்துச்சு. புரியாத பாடத்துக்கு ஐஐடி பேராசிரியர்கள் நடத்துற என்பிடெல் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பா. வகுப்புல அந்த வசதி ஏதுங்க?

ஒருநாள் கிணத்து மோட்டார் சுத்தாம உறுமிட்டு நின்னுச்சு. சத்தத்தைக் கேட்டதுமே, "ஒரு ஃபேஸ் வரலப்பா"ன்னா. பார்த்தா, ஒரு ஃபியூஸ் போயிருந்துச்சு. எனக்குப் பெருமை தாங்கல. "நீயே போடு சாமி"ன்னு டெஸ்டரை நீட்டினேன். வாங்கல.

"லேப் பூரா போன்லதான்ப்பா பார்த்தேன். ஒரு ஸ்டார்ட்டரைக்கூடத் தொட்டதில்ல."

மெயினை அணைச்சுட்டுப் பக்கத்துல நின்னேன். கை நடுங்க ஃபியூஸ் கம்பியைக் கட்டினா. மோட்டார் ஓடுச்சு; தண்ணி வந்துச்சு.

போன்ல படிக்கிறதைக் குறை சொல்ல மாட்டேங்க. தியரியை அதுலயே படிக்கட்டும். லேபுக்கு மட்டும் புள்ளைகளை நேர்ல கூப்பிட்டுக் கையில கொடுங்க.