எலிக்கும் இடமளித்த ஊர்

உத்தியோக நிமித்தம் பிரயாணம் செய்கிறவர்களுக்கு ஊர் பார்க்கும் பாக்கியம் கிடையாது. ரயில்வே ஸ்டேஷனையும், காரியாலயத்தையும், படுத்த அறையின் கூரையையும் பார்த்துவிட்டுத் திரும்புவதே அவர்கள் தலைவிதி. சென்ற மாதம் எனக்கு அந்த விதி சற்றே தளர்ந்தது. பரனூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு நாள் வேலை. தங்குவதற்கோ மாமல்லபுரக் கடற்கரையில் ஒரு ஹோட்டல். "கடலைப் பார்த்த அறை" என்று கம்பெனியார் தெரிவித்திருந்தார்கள். என் உற்சாகத்தைக் கேட்கவேண்டுமா?

செங்கற்பட்டில் இறங்கியபோது ஸ்டேஷனை ஒட்டிய கொளவாய் ஏரி மாலை வெயிலில் தகதகத்துக்கொண்டிருந்தது. 2019-ஆம் ஆண்டு முதல் இவ்வூர் ஒரு தனி ஜில்லாவின் தலைநகரம். வாடகை மோட்டார் ஒன்றை அமர்த்திக்கொண்டேன். டிரைவர் ஐம்பது வயதைக் கடந்தவர். பேச்சில் நிதானம், கையிலும் நிதானம். மாமல்லபுரம் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பாதி வழியில் திருக்கழுக்குன்றத்து மலை தெரிந்தது. முன்பெல்லாம் உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் அம்மலைக்கு வந்து, அர்ச்சகர் வைக்கும் அன்னத்தை உண்டுபோகும். இப்போது பல வருஷங்களாக அவை வருவதில்லை.

"விருந்தாளி வராமப் போனாலும் மலை தன் பேரை மாத்திக்கல்லே, ஸார்!" என்றார் டிரைவர்.

ஹோட்டலின் முகப்பு பளிங்கால் இழைத்திருந்தது. உள்ளே போன பிறகுதான், பளிங்கு முகப்போடு நின்றுவிட்டது என்று தெரிந்தது. என் அறையின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். கடல் எங்கே என்று கேட்டேன். குளியலறையின் மேல் ஜன்னல் வழியாகத் தெரியும் என்றான் சிப்பந்தி. வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்று, ஒரு சாண் அகலத்துக்கு சமுத்திர தரிசனம் செய்தேன். கடலை நான் போய்ப் பார்க்காவிட்டாலும் அது என்னைத் தேடி வந்திருந்தது. குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர்! குளிர்சாதன யந்திரமோ பழைய பாஸஞ்சர் ரயிலைப் போல் இரைந்தது. பாஸஞ்சராவது என்றைக்காவது ஊர் போய்ச் சேரும்.

இவற்றையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது.

இரவு பத்து மணி சுமாருக்குக் காற்று வாங்க வெளியே வந்தேன். டிரைவர் வண்டிக்குள் முழங்காலை மடக்கிப் படுத்து, துண்டால் கொசுவை விரட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் ஐயா, உங்களுக்கு இடம் கொடுக்கவில்லையா?"

"எங்களுக்கு ஏது ஸார் இடம்? கக்கூஸுக்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகச் சொல்லிட்டாங்க."

மானேஜரிடம் சென்றேன். ஹோட்டல்களும் விடுதிகளும் விருந்தினரின் டிரைவர்களுக்குப் படுக்கும் இடமும் குளியலறையும் அமைக்கவேண்டும் என்று தமிழக அரசு 2023-ஆம் ஆண்டிலேயே கட்டட விதிகளைத் திருத்தியிருப்பதை எடுத்துச் சொன்னேன். அவர் கைகூப்பிப் புன்னகை புரிந்தார். "விதி இருக்கிறது, ஸார், அறைதான் இல்லை" என்றார். என் அறையில் ஒரு பாயாவது போடுங்கள் என்றேன். ஒருவருக்குத்தான் பணம் கட்டியிருக்கிறது என்று பதில் வந்தது. டிரைவரும், "வேணாம் ஸார், பழகிப் போச்சு" என்றார். அதற்குமேல் வாதாடாமல் நான் மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டேன். இதை எழுத வெட்கமாயிருக்கிறது.

மறுநாள் விடியற்காலையில் டீ வாங்கித் தந்தவர் அவர். காசு கொடுக்கவும் விடவில்லை. இருவருமாக அர்ச்சுனன் தபசுப் பாறைக்குப் போனோம். அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்று பண்டிதர்கள் வாதாடும் அந்த 7-ஆம் நூற்றாண்டுப் பாறை 90 அடிக்குமேல் நீளமுள்ளது. தேவர்களும் முனிவர்களும் வேடர்களும் அதில் திரண்டு நிற்கிறார்கள். பெரிய யானையின் காலடியில் குட்டிகள். ஒரு பக்கத்தில், பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்திக் கள்ளத் தவம் புரிகிறது ஒரு பூனை.

"ஸார், நம்ம மானேஜர்!" என்றார் டிரைவர்.

நான் சிரித்து ஓய்ந்த பிறகு, பூனையின் காலடியைச் சுட்டிக் காட்டினார். "எலிக்குக்கூட இடம் வெச்சிருக்கான் பாருங்க, ஸார்."

என் சிரிப்பு அடங்கிவிட்டது. ஐந்து ரதங்களில் ஒன்றான திரௌபதி ரதத்தைப் பார்த்தபோதும் அவர் சொன்னதே காதில் ஒலித்தது. அது கோபுரம் போன்றதன்று, கூரை வேய்ந்த குடிசை போன்றது. ராஜாங்கச் சிற்பிகளுக்குக் குடிசையும் கோயிலாகத் தோன்றியிருக்கிறது!

நம் முன்னோர் சத்திரம் கட்டியவர்கள். தஞ்சை சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. அந்நாளைய சத்திரங்களில் சாதிப் பந்தி இருந்ததை மறைப்பதற்கில்லை. அந்தக் களங்கம் நமக்கு வேண்டாம். ஆனால் சத்திரத்தின் தர்மத்தை விட்டுவிட்டு, களங்கத்தை மட்டும் புதிய பெயரில் வைத்துக்கொள்வது எந்த நியாயம்? 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் நம் பிரதமர் சீன ஜனாதிபதியை இதே பாறையின் முன் வரவேற்றார், உலகமே பார்த்தது. தேசாதிபதிகளை உபசரிப்பது பெரிதல்ல. அவர்களை அழைத்து வருகிற சாரதி இரவில் எங்கே படுக்கிறான் என்பதில் இருக்கிறது ஒரு நாட்டின் விருந்தோம்பல்.

புறப்படும்போது மானேஜர் அபிப்பிராயப் புத்தகத்தை நீட்டினார். உப்புத் தண்ணீரைப் பற்றி நான் எழுதவில்லை. "என்னை அழைத்து வந்தவர் வண்டியில் படுத்தார்" என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்திட்டேன்.

நேயர்களே! நீங்களும் பிரயாணம் போவீர்கள். அறைக்கு முன்பணம் கட்டுவீர்கள். கடல் தெரியுமா என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். டிரைவருக்கு இடம் உண்டா என்று முதலில் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பாய் வரும். நூறு பேர் கேட்டால் அறையே வந்துவிடும்.