நிக்கோ: வர்ணம் வாடாத ஊர்

ஜப்பான் தேசத்துத் தலைநகராகிய டோக்கியோவுக்கு வடக்கே, மலைகள் சூழ்ந்த டோச்சிகி மாகாணத்தில், நிக்கோ என்னும் ஊர் அமைந்திருக்கிறது. விண்ணளாவிய சுகி மரங்கள் இருமருங்கிலும் அணிவகுத்து நிற்கும் புராதனச் சாலை வழியே வந்து, தாயா நதியின் மேல் செந்நிறம் பூண்டு நிற்கும் ஷின்க்யோ பாலத்தைக் கண்ட மாத்திரத்திலேயே, இவ்வூரில் மரத்தையும் வர்ணத்தையும் பிரித்துப் பார்க்க இயலாது என்பது யாத்திரிகனுக்கு விளங்கிவிடும்.

தோக்குகவா ஷோகுன் வம்சத்தை ஸ்தாபித்த இயெயாசுவைத் தெய்வமாகப் பிரதிஷ்டை செய்து 1617-ல் எழுந்த தோஷோகு ஆலயத்தை, அவருடைய பேரர் இயெமிட்சு 1636-ல் இன்று நாம் காணும் வைபவத்தோடு புதுக்கிக் கட்டினார். யோமெய்மோன் என்னும் ஒரு வாயிலில் மட்டும் 508 மரச் சிற்பங்கள் உண்டு. ஆனால் மூடுபனியும் மழையும் ஓயாத இம்மலையில் வர்ணம் சிரஞ்சீவியாக இருப்பதில்லை. ஈரத்தில் பசை தளர்ந்து, பூச்சு செதில் செதிலாக உதிர்கிறது. ஆகவே ஜீர்ணோத்தாரணம் என்பது இங்கே எப்பொழுதோ நிகழும் வைபவமன்று. தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் நித்தியத் தொழில்.

பழைய வர்ணத்தின் சாயலையும் கோட்டின் போக்கையும் பிரதி எடுத்துக்கொண்ட பிறகே, உரிந்த பூச்சைச் சுரண்டத் துணிகிறார்கள். பிறகு உருஷி மரத்தின் பாலைப் பூசுகிறார்கள். பிற பூச்சுக்களெல்லாம் உலர்ந்த காற்றைத் தேட, இதுவோ ஈரக் காற்றில்தான் நன்றாக இறுகும். வேண்டிய இடத்தில் பொற்றகடு ஒட்டி, சிப்பியை அரைத்த வெண்பொடியையும் தாதுக்களை இடித்த நிறங்களையும் வஜ்ரப் பசையில் குழைத்துத் தீட்டுகிறார்கள். ஒரே பச்சைக் கல்லைப் பருமணலாக விட்டால் ஆழ்ந்த நிறமும், மாவாக நுணுக்கினால் வெளிறிய நிறமும் கிடைக்குமாதலால், ஒரு பறவையின் சிறகில் காணும் சாயல்களெல்லாம் அந்தப் பொடியின் நயத்தைப் பொறுத்தவை.

தீயதைப் பாராத, கேளாத, பேசாத அந்தப் பிரசித்தமான மூன்று குரங்குகளும், யோமெய்மோன் வாயிலும் 2017-ல் புதுப் பொலிவு பெற்றபோது, இவ்வளவு பளபளப்பு ஆகுமா என்று முகஞ்சுளித்தவர்கள் இருந்தார்கள். மங்கலிலேதான் பழமையின் அழகு இருக்கிறது என்னும் அந்த ரசனையை நான் மதிக்கிறேன். எனினும் இவ்வாலயத்துக்கு அது பொருந்தாது. இயெமிட்சுவின் சிற்பிகள் மங்கலை விரும்பிச் செதுக்கவில்லை. மேலும் வர்ணமே இங்கே மரத்துக்குக் கவசம். அதை மங்கவிடுவது சிற்பத்தையே கைவிடுவதாகும்.

புதுப்பிப்பவன் தன் ரசனையைப் புகுத்துவதுமில்லை. யோமெய்மோனின் வெண்தூண்கள் பன்னிரண்டில் ஒன்றில் மட்டும் சுருள்கோலம் தலைகீழாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. முற்றும் நிறைவுபெற்ற மாளிகை அன்றே தேயத் தொடங்கும் என்று அஞ்சி, வேண்டுமென்றே இப்படி விட்டார்கள் என்பது ஐதிகம். ஒவ்வொரு தலைமுறைக் கலைஞனும் வெள்ளையை மறுபடி பூசுகிறான், கோலத்தை நிமிர்த்துவதில்லை.