வானம் தோண்டிய கதை

சுனாபட்டி என்று சொன்னால் ஊரில் யாருக்கும் விளங்காது. "எந்தப் பட்டி, கோவில்பட்டிக்கு அந்தப் பக்கமா?" என்பார்கள். இது அந்தப் பட்டி இல்லை, மும்பைச் சுனாபட்டி. இங்கே சுனா என்றால் சுண்ணாம்பு, பட்டி என்றால் உலை. சுண்ணாம்புக் காளவாய்களால் வந்த பெயர்.

எனக்குத் தெரிந்த சுனாபட்டியில் காளவாய் கிடையாது. ஹார்பர் லைன் ரயில்வே கேட்டும், கேட் திறக்கக் காத்துக் கிடக்கும் சைக்கிள்களும், பக்கத்துச் சுதேசி மில்லின் போங்காவும் (சங்கும்)தான். 1886இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஆரம்பித்த மில் அது. போங்கா ஊதினால் அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள். அன்று எங்கள் வீட்டுக் கடிகாரம் அதுதான்.

எங்கள் தகரக் கூரைச் 'சால்' குடியிருப்பை இடித்தபோது அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. கட்டிடம் எழும்பும்வரை எதிர்க் கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் வாடகைக்குப் போனோம். இருபத்து மூன்று மாடி வரப்போவதாகச் சொன்னார்கள். நாலு பக்கமும் நீலத் தகரம் அடித்து, ஒரு தேங்காய் உடைத்து, பொக்லைனை இறக்கினார்கள்.

ஊரில் அஸ்திவாரக் குழி வெட்டுவதை 'வானம் தோண்டுறது' என்பார்கள். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் முடிந்துவிடும். அப்பா அந்தக் கணக்கில்தான் நாற்காலியைக் கேலரியில் போட்டார். இத்தாலியின் போலோன்யா நகரில் இப்படிக் கட்டிட வேலையை வேடிக்கை பார்க்கும் பெரியவர்களுக்கு 'உமரெல்' என்று பெயரே உண்டு. அப்பா சுனாபட்டியின் உமரெல். இரவு நான் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் கணக்கு வந்துவிடும்: "இன்னைக்கு ரெண்டு டம்பர்தாம் போச்சு."

முதல் ஆறடி குப்பையும் உடைந்த ஓடும் கலந்த மேடு. பிறகு முரம், நம் சரளைதான். அதற்குக் கீழே கருங்கல். ஏறக்குறைய ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு இறுகி உண்டான தக்காணப் பாறை. பிரேக்கர் நாள் முழுக்கத் தட்டும். ஒரு கூடைக் கல்தான் பெயர்ந்ததோ என்று தோன்றும். ஜூனில் மழை பிடித்தால் குழி குளமாகும். செப்டம்பர் வரை பம்ப் வைத்து இறைப்பதே வேலை. மாடிகளுக்காக அல்ல, கார் நிறுத்தத்தான் இத்தனை ஆழம் என்று வாட்ச்மேன் சொன்னதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊர்ல மூணடி வானம் தோண்டுனா வீடு நிக்கும். இவனுவ காருக்குக் கெணறுல்லா வெட்டுதானுவ!"

2023 ஜூலை 5 அன்று அந்தக் கோபம் பயமானது. சுனாபட்டி ராகுல் நகரில், இதே போல் கட்டிடத்துக்குத் தோண்டிய வேறொரு குழியை ஒட்டிய சாலை மழையில் சரிந்து, ஓரமாக நிறுத்தியிருந்த நாற்பது பைக் போலவும் நாலைந்து காரும் உள்ளே போயின. நல்லவேளை, ஆளுக்குச் சேதமில்லை. அன்றிலிருந்து எங்கள் குழியின் ஓரத்தில் ஒரு வண்டி நின்றாலும் அப்பா மேலிருந்து சத்தம் போடுவார்.

அவர் வேடிக்கை மட்டும் பார்க்கவில்லை என்பது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. "அந்தா, பம்ப் நிக்குல்லா, அதுக்கு நேர் மேலதான் கொழாயடி" என்பார். விடியக்காலம் நாலு மணிக்குக் குடங்கள் வரிசை பிடித்த இடம். பொங்கலுக்குப் பத்து அடுப்பு எரிந்த சந்து, கிரேன் சுற்றும் வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறது. எங்கள் கோலி, அதாவது அறை, இருந்தது தென்மேற்கு மூலையில். இப்போது அங்கே தரையே இல்லை, முப்பதடிக்குக் காற்றுதான்.

போன வாரம் குழிப் பக்கம் இறங்கிப் போனேன். அடியில் கம்பி கட்டுகிறார்கள். தரை மட்டத்துக்கு மேல் இன்னும் ஒரு தூண்கூட வரவில்லை.