ஹீப்பை ஏற்றினால் தீராது

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் உள்ள ஒரு பங்குத்தரகு நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்லப் போயிருந்தேன். "ஜிசி டியூனிங்கெல்லாம் இப்ப யாரு சார் பண்றா? ஹீப்பை ஏத்திவிட்டா முடிஞ்சுது" என்றார் ஓர் இளம் பொறியாளர். 31 ஜிபியை 34 ஆக்கியிருந்தார்கள். 32-ஐத் தாண்டினால் ஜேவிஎம் சுருக்கிய சுட்டிகளைக் கைவிட்டுவிடும். ஒவ்வொரு ரெஃபரன்ஸும் 4 பைட்டிலிருந்து 8 ஆகும். சுட்டிகள் மலிந்த ஹீப்பில், ஏற்றிய பிறகு முன்பைவிடக் குறைவாகத்தான் கொள்ளும். பணம் கட்டி இடத்தைக் குறைத்திருக்கிறார்கள்.

சிஎம்எஸ் என்ற பழைய ஜாவா குப்பை சேகரிப்பானோடு (ஜிசி) மல்லுக்கட்டிய தலைமுறை நாங்கள். நிரல் ஓடும்போதே அது ஓல்ட் ஜெனரேஷனைப் பெருக்கிச் சுத்தம் செய்யும். ஆனால் எதையும் நகர்த்தாது. அதனால் காலியிடம் துண்டு துண்டாகும். ஹீப்பில் பாதி காலி என்று லாக் சொல்லும்; ஒரு பெரிய அரேக்குச் சேர்ந்தாற்போல் இடம் இருக்காது. 'புரமோஷன் ஃபெயில்ட்' என்று ஒரு வரி விழும். உடனே எல்லாம் நின்று, ஒரே த்ரெட் முழு ஹீப்பையும் அடுக்கத் தொடங்கும். பெரிய ஹீப் என்றால் பத்து, இருபது விநாடி போய்விடும்.

சில மணி நேர லோட் டெஸ்டில் இந்த நோய் தெரியாது. துண்டாவதற்கு நாட்கள் ஆகும். ஃப்ரீ லிஸ்ட் புள்ளிவிவரத்தில் 'மேக்ஸ் சங்க் சைஸ்' என்ற எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்போம். மொத்தக் காலியிடம் அப்படியே இருக்க, அந்த எண் தேய்ந்துகொண்டே வரும். அது விழுவதற்குள், கூட்டமில்லாத அதிகாலையில் ஃபுல் ஜிசியை நாங்களே ஓட்டிவிடுவோம். ஹெச்பேஸ் தரவுத்தளக் குழு இதே தொல்லைக்காக 2011-இல் 2 எம்பி துண்டங்களாக இடம் ஒதுக்கும் முறையையே எழுதியது.

2020-இல் ஜாவா 14 சிஎம்எஸ்ஸை நீக்கியது. ஆனால் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் கணக்கு நீங்கவில்லை. ஜி1 துண்டாவதைத் தடுக்க ஆப்ஜெக்ட்களை நகர்த்துகிறது. அந்த நேரம் நிரல் நிற்கும். இசட்ஜிசி நிரல் ஓடும்போதே நகர்த்துகிறது. அதற்கு ஒவ்வொரு ரெஃபரன்ஸ் வாசிப்பிலும் லோட் பேரியர் வேண்டும், சுருக்கிய சுட்டியும் கிடையாது. ஸ்விஃப்டின் ரெஃபரன்ஸ் கவுன்டிங்கில் அப்படி மொத்தமாக நிற்பதில்லை. ஆனால் ரெஃபரன்ஸ் கைமாறும்போதெல்லாம் எண்ணிக்கையைத் திருத்த வேண்டும், சுழற்சிகளை நிரலர்தான் அறுக்க வேண்டும். பேக்கன், செங், ராஜன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2004-இலேயே ட்ரேஸிங்கும் கவுன்டிங்கும் ஒரே அளவுகோலின் இரு முனைகள் என்று காட்டிவிட்டார்கள். நிறுத்தமின்மை, வேகம், நினைவகச் சிக்கனம் மூன்றையும் ஒருசேர யாரும் தருவதில்லை.

அந்தத் தரகு நிறுவனத்திலேயே காலை 9:15-க்குச் சந்தை திறக்கும்போது ஒரு சிறு நிறுத்தமும் ஆகாது. அங்கே இசட்ஜிசி சரி. இரவில் ஒப்பந்தச் சீட்டுகள் தயாரிக்கும் வேலைக்கு மொத்த நேரம்தான் முக்கியம். அதற்குப் பேரலல் ஜிசி போதும். இரண்டுக்கும் ஒரே ஃபிளாக் போட்டிருந்தார்கள். ஃபிளாகே போடாமல் ஒரு சிபியு மட்டும் கொடுத்த சிறிய பாட்களில் ஜேவிஎம் தானாகவே சீரியல் ஜிசியைத் தேர்ந்திருந்தது. ஜி1 ஓடுவதாக எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பெங்களூரு நேர்காணல்களில் பைனரி மரத்தைத் தலைகீழாக்கச் சொல்கிறார்கள். ஒரு ஜிசி லாகைக் கொடுத்துப் படிக்கச் சொல்வதில்லை. அதனால்தான் இந்த நிலை. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று சொல்லத் தெரியாதவர் கையில் புரொடக்‌ஷன் ஃபிளாகைக் கொடுக்கக் கூடாது.