உறைகிற நேரம்

2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குப் பள்ளம் தோண்டியபோது 20-க்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும் 400-க்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் வெளிவந்தன. எந்தக் காலத்துச் சிலைகள் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. எப்படி வார்த்திருப்பார்கள் என்பது என் கவலை. உலோகவியல் படித்த நண்பர் ஒருவர் என்னைச் சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறை ஒன்றுக்கு அழைத்துப் போனார்.

தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் செய்வதையும், அதன்மேல் காவிரி வண்டல் பூசுவதையும் பலர் எழுதிவிட்டார்கள். நாங்கள் போனது ஊற்றுகிற நாளில். மெழுகு உருகி வெளியேறிய மண் அச்சைச் சூடு ஆறாமல் குழியில் நிறுத்தி, வாய் மட்டும் தெரிய மண் அணைத்திருந்தார்கள். உருகிய செம்பில் பித்தளை விழுந்ததும் வெண்புகை கிளம்பியது. செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். பித்தளையிலுள்ள துத்தநாகமோ 907-லேயே கொதித்துவிடும்.

ஊற்றி முடிந்ததும் எல்லோரும் டீ குடிக்கப் போக, ஒருவர் மட்டும் அச்சின் வாயருகே குந்திக்கொண்டார். கொள்ளிடக் கரையில் நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போனவர்; விளைச்சல் பொய்த்த ஒரு வருஷம் இங்கே வந்து சேர்ந்தாராம். வாயின் ஓரம் முதலில் மங்கிச் சிவந்து இறுகியது. நடுவில் மெல்லக் குழி விழுந்தது. உடனே இன்னும் கொஞ்சம் உலோகம் விட்டார்.

“உறையும்போது சுருங்கும் சார். வாய் முந்தி அடைச்சுக்கிட்டா உள்ள பொத்தலாயிடும். வந்த புதுசுல என்னை இதைப் பார்க்கத்தான் உட்கார வெச்சாங்க.”

நண்பர் என் நோட்டில் ஒரு கோடு போட்டார். நேரம் போகப்போக வெப்பநிலை எப்படி இறங்குகிறது என்று காட்டும் குளிர்வு வளைகோடு. தூய செம்பு உறையத் தொடங்கியதும் கோடு படுத்துவிடும். உறைதலில் வெளிப்படும் உள்ளுறை வெப்பம், முழுதும் உறையும்வரை சூட்டை இறங்கவிடாது. ஐம்பொன் கலவையில் அப்படிப் படுக்காது, சரிவு தளரும், அவ்வளவுதான். பிறகு 327 அருகே ஒரு சின்னப் படி. அது ஈயம். உறைந்த செம்பில் ஈயம் கரையாது. சிலை கெட்டியான பிறகும் உள்ளே துளித்துளியாக உருகிய நிலையிலேயே நிற்கும். கேம்பிரிட்ஜில் ஹேகாக், நெவில் என்ற இருவர் இப்படிப்பட்ட அளவீடுகளையும் நுண்ணோக்கியையும் வைத்தே 1903-ல் செம்பு–வெள்ளீயக் கலவைகளின் நிலை வரைபடத்தைத் தந்தார்கள்.

அதற்குள் சிலையை விற்கப்போகும் வியாபாரியிடமிருந்து போன்: இன்றைக்கே அச்சை உடைத்தால் என்ன? “சூட்டோட உடைச்சா விரல்ல விரிசல் விடும், நாளைக்குத்தான்” என்றார் பெரிய ஸ்தபதி. விரிசல் விட்டால் நஷ்டம் பட்டறைக்கு. பளபளவென்று வந்தால் லாபம் கடைக்கு. வாயருகே அனலில் குந்தியிருந்தவருக்கு இரண்டிலும் அதே நாள்கூலிதான்.

வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தஞ்சை, கும்பகோணம் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள் புராஜெக்டுக்கு இணையத்தில் தலைப்பு தேடுவதை விட்டு, ஓர் அச்சின் குளிர்வைப் பதிவு செய்யலாம். அறிக்கையில் அந்த வாய்க்காவல்காரரின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.