சிக்கலா, பின்னலா?



பாகப்பிரிவினை பற்றிப் பேச்செடுத்தால், அருப்புக்கோட்டையிலும் திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் மறுமொழி ஒன்று உண்டு: “அது ரொம்பக் காம்ப்ளிகேட்டட், ஹஜ்ரத்.” பேச்சு அத்தோடு முடிந்துவிடும். காத்திருப்பவள் ஒரு சகோதரி என்பது மட்டும் எவர் நினைவிலும் இராது.

ஆங்கிலத்தில் காம்ப்ளெக்ஸ், காம்ப்ளிகேட்டட் என இரு சொற்கள் உள்ளன. இரண்டும் இலத்தீன் வழி வந்தவை. முன்னதன் வேருக்குச் சேர்த்துப் பின்னுதல் என்று பொருள்; பின்னதன் வேருக்குச் சேர்த்து மடித்தல் என்று பொருள். பல பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பது முன்னது; கையாளக் கடினமாகிப்போனது பின்னது. நெசவூரில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். பாவில் எத்தனை இழைகள் இருந்தாலும் நெசவாளி அதைச் சிக்கல் என்னார். கவனமின்றிப் போட்ட ஒரு கழி நூலே சிக்காகும்.

அரபியில் ‘உக்தா’ என்றால் முடிச்சு. மூஸா அலைஹிஸ்ஸலாம் தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைஞ்சியதைத் தாஹா அத்தியாயம் கூறுகிறது. நிக்காஹ்வின் பிணைப்புக்கும் பகரா அத்தியாயத்தில் இதே சொல்தான். ஆக, காக்க வேண்டிய முடிச்சும் உண்டு; அவிழ்க்க வேண்டிய முடிச்சும் உண்டு.

வாரிசுரிமை எவ்வகை? ஒருவர் 8 ஏக்கர் மானாவாரி நிலம் விட்டு மவ்த்தானார் என்று கொள்வோம். பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். மனைவியும் 2 மகன்களும் 3 மகள்களும் இருக்கின்றனர். அடக்கச் செலவும் கடனும் வஸிய்யத்தும் நீங்கிய பின் இந்த 8 ஏக்கர் எஞ்சியது என்றால், அன்னிஸா அத்தியாயத்தின்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 1 ஏக்கர். மீதமுள்ள 7 ஏக்கரில் மகன் ஒவ்வொருவருக்கும் 2, மகள் ஒவ்வொருவருக்கும் 1. கணக்கு முடிந்தது. இது பின்னல், சிக்கலன்று.

சிக்கலை உண்டாக்குவது தாமதம். பங்கிடுமுன் ஒரு மகனும் மவ்த்தானால், அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்குள் மீண்டும் பிரிய வேண்டும். ஃபிக்ஹு நூல்கள் இதை முனாஸகா என்கின்றன. இப்படி இரு தலைமுறை கடந்தால் பட்டாவில் பாட்டனார் பெயரும், நிலத்தில் சீமைக்கருவேலமுமே எஞ்சும்.

“விவசாய நிலத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை” என்பாரும் உளர். 1937 ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் வேளாண் நிலத்தை விலக்கியிருந்தது உண்மையே. ஆனால் 1949 இல் சென்னை மாகாணத் திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. “நகை போட்டோம், சீர் செய்தோம்” என்பதும் பங்குக்கு ஈடாகாது. அன்பளிப்பு வேறு, அல்லாஹ் விதித்த உரிமை வேறு. சகோதரி கேட்கவில்லையே என்றும் ஆறுதல் கொள்ளலாகாது. கேட்டால் அண்ணன் வீட்டு வாசல் அடைபடுமோ என்ற அச்சத்தால் வாய் மூடியிருப்பவர் பலர்.

ஆகவே அன்புச் சகோதரர்களே, பெற்றோர் மவ்த்தானால் துக்கம் ஓரளவு தணிந்த உடனே வாரிசுகளின் பெயரையும் சொத்தின் விவரத்தையும் ஒரு தாளில் எழுதி ஆலிமிடம் செல்லுங்கள். சகோதரியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவரவர் உரிமையை அவரவரிடம் சேர்க்கும் மனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.