ஒளிபுகும் தாள்

ரோம் பற்றிய படவரலாற்று நூல்களில் ஒரு வகை உண்டு. கொலோசியத்தின் இன்றைய சிதைவுப் படத்தின்மேல், இழந்த பகுதிகள் வரையப்பட்ட ஒளிபுகும் தாளொன்று படிந்திருக்கும். தாளை மூடினால் கி.பி. 80இல் திறக்கப்பட்ட அரங்கு முழுதாய் எழும், விலக்கினால் இடிபாடு.

பெரம்பலூரில் தமிழ் கற்பிக்கும் எனக்கு அந்நூலைப் புரட்டுகையில் கங்கைகொண்ட சோழபுரமே நினைவில் எழுகிறது. கொலோசியத்தின் கற்கள் பிற்கால மாளிகைகளுக்குப் போயின. இங்கே கோயில் மதிற்கற்கள் 1836இல் கொள்ளிடத்துக் கீழணைக்குப் போயின. மாளிகைமேட்டில் அகழ்ந்து கண்டவை பெரிதும் செங்கல் அடித்தளங்களே. “அரண்மனை எங்கே ஐயா?” என்கிறார்கள் மாணவர்கள்.

அந்தத் தாளிலும் கற்பனை உண்டுதான். ஆனால் எஞ்சியது எது, ஊகம் எது என்பதைத் தாளே பிரித்துக் காட்டிவிடுகிறது. சோழர் பெருமை பேசும் நம் மேடைகளில் இல்லாதது அந்தப் பிரிப்புதான்.